கழற்றி மாட்டுகிற ஒயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் வீட்டில் சேர்ந்திருந்த பழைய பேப்பரை எடைக்குப் போட (அதில் பாதிக்கு மேல் உங்கள் பேப்பர்தான்) தெருமுனையில் உள்ள பழைய சாமான் கடைக்குப் போனேன். தராசுக்குப் பக்கத்தில் வாய் கட்டாத ஒரு சாக்கு இருந்தது. உள்ளே முழுக்க ஹெட்போன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கியது, கம்ப்யூட்டர் சென்டரில் போட்டிருந்தது, கால் சென்டரில் வேலை செய்பவர்கள் மாட்டுகிற மைக் வைத்தது என்று எல்லா ரகமும் கிடந்தன. "எல்லாம் ஒயர் போனதுங்க, உள்ள இருக்கிற செம்புக்குத்தான் காசு, மத்தது குப்பைக்குத்தான் போகும்" என்றார் கடைக்காரர். இருபது ரூபாய் கொடுத்து இரண்டை எடுத்துக்கொண்டு வந்தேன். அன்று ராத்திரியே நானும் என் கொழுந்தனாரும் திறந்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தோம். இரண்டு ஹெட்போனிலும் இரண்டு பக்க ஸ்பீக்கரும் நன்றாக இருந்தன. இரண்டிலும் செத்திருந்தது ஒயர் மட்டும்தான். அந்தச் சாக்கை நினைத்து எனக்கு மனசே ஆறவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். டாக்டர்கள் பேசி அனுப்பும் ஆடியோவைக் கேட்டு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கிறேன், மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்பார்கள். 14 வருடமாக இதுதான் எங்கள் வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் ஹெட்போன் காதில் இருக்கும். டாக்டர் வேகமாகப் பேசும்போது ஃபிஃப்டீன் என்றாரா ஃபிஃப்டி என்றாரா என்று ஒரே இடத்தைப் பத்து தடவை கேட்க வேண்டி வரும், மருந்து அளவு அது, தப்பாக அடித்தால் ஒரு நோயாளியின் காகிதத்தில் தப்பாக ஏறிவிடும். அந்த நேரத்தில் ஒயர் கரகரவென்று சத்தம் போட்டாலோ ஒரு காது மட்டும் வந்து வந்து போனாலோ எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

2018ல் 2,400 ரூபாய் கொடுத்து ஓரளவு நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கினேன். ஒன்றேகால் வருடத்தில் இடது காதுப் பக்கம், ஒயர் உள்ளே நுழைகிற இடத்தில், சத்தம் விட்டு விட்டு வந்தது. ஒயரை ஒரு மாதிரி வளைத்துப் பிடித்தால் வரும், விட்டால் போய்விடும். ரப்பர் பேண்ட் போட்டு அந்த வளைவை நிறுத்தி வைத்து மூன்று வாரம் வேலை செய்தேன். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனபோது, வாரண்டி முடிந்துவிட்டது, ஒயர் தனியாக வராது, மாற்றவும் மாட்டோம், புதிது வாங்கினால் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். காசு கொடுக்கிறேன், ஒயரை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். அப்படி ஒரு பொருளே அவர்கள் பட்டியலில் இல்லையாம். வேறு வழி இல்லாமல் இன்னொன்று வாங்கினேன். அது 2020ல், ஊரடங்கு நேரத்தில், கடையெல்லாம் மூடியிருந்தபோது போனது. இந்தத் தடவை லேப்டாப்பில் குத்துகிற பின்னை ஒட்டிய இடத்தில்.

என் கொழுந்தனார் சிவதாபுரத்தில் ஒரு வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை செய்கிறார். அவர்தான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இது ஏன் இந்த இடத்துலயே போகுதுன்னு தெரியுதா?" என்று கேட்டு, பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஒரு துண்டு வெள்ளிக் கம்பியை என் கையில் கொடுத்து அங்கிட்டும் இங்கிட்டும் மடக்கச் சொன்னார். முதலில் மெத்தென்று வளைந்த கம்பி, ஏழெட்டு மடக்குக்கு மேல் விறைத்துக்கொண்டது, அப்புறம் பட்டென்று ஒடிந்தது. பட்டறையில் கம்பி இப்படி விறைத்தால் நெருப்பில் காட்டி இளக்கிவிட்டுத்தான் மறுபடி வேலை செய்வார்களாம். செம்புக்கும் அதே குணம்தான். ஹெட்போன் ஒயருக்குள் இருப்பது தலைமுடியை விட மெல்லிய செம்பு இழைகள். நாம் எழுந்து உட்காரும் ஒவ்வொரு தடவையும் அது ஒரே இடத்தில், அதாவது அசையாத கெட்டிப் பாகமும் அசைகிற ஒயரும் சேருகிற விளிம்பில், மடங்கி மடங்கி விறைத்து ஒவ்வொரு இழையாக அறுகிறது. ஒயரை நெருப்பில் காட்டி இளக்க முடியாது. ஆக, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்த ஒயர் ஒருநாள் அறுந்தே தீரும், கொஞ்சம் முன்னே பின்னே. அறுந்தே தீரும் என்று தெரிந்த ஒன்றைக் கழற்ற முடியாதபடி உள்ளே வைத்து ஒட்டி விற்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

முதலில் நாங்கள் செய்தது எல்லோரும் செய்கிற வேலைதான். அறுந்த இடத்தை வெட்டிவிட்டு ஒயரை முடிச்சுப் போட்டு, ஈயத்தை உருக்கி சால்டர் வைத்து டேப் சுற்றினோம். நான்கு மாதம் வந்தது. சால்டர் வைத்த இடம் கல்லு மாதிரி கெட்டியாகிவிடும், அதற்கு அடுத்த இடம் புதிய விளிம்பாகிவிடும், அங்கே மறுபடி அறுந்தது. மறுபடி வெட்டி ஒட்டினோம். ஒவ்வொரு தடவையும் ஒயர் ஒரு சாண் குறைந்துகொண்டே வந்தது.

வழி கிடைத்தது கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகையின்போது. எங்கள் தெருவில் மைக் செட் கட்ட வந்தவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார், அது நிறைய ஒயர். மைக் கரகரத்தது. மைக்கின் அடியில் குத்தியிருந்த, எக்ஸ்எல்ஆர் என்கிற மூன்று பின் ப்ளக்கை ஒரு அழுத்து அழுத்திக் கழற்றினார், பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்துக் குத்தினார், பாட்டு தொடர்ந்தது. மொத்தம் அரை நிமிஷம்கூட ஆகவில்லை. போன ஒயரை வீட்டுக்கு எடுத்துப்போய் சாவகாசமாகப் பார்த்துக்கொள்வாராம். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒயர் போனது என்று எந்த மைக் செட்காரராவது மைக்கைத் தூக்கி எறிந்து பார்த்திருக்கிறோமா? எங்கள் காதில் மாட்டுவதற்கு மட்டும் ஏன் இந்த வசதி இல்லை? கொழுந்தனாரிடம் சொன்னேன். "ஹெட்போன்லயே ஒரு சாக்கெட் வெச்சிட்டா போச்சு அண்ணி" என்றார்.

சரி, எப்படி வைத்தோம் என்பதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

பிரிப்பதற்கு முன்னால் நோய் எங்கே என்று பார்க்க வேண்டும். மீட்டரை ஓம்ஸில், அதாவது மின்தடை அளக்கிற இடத்தில் வைத்து, பின்னின் நுனியிலும் அடிப்பாகத்திலும் தொட்டால் இடது காதின் அளவு காட்டும், நடு வளையத்திலும் அடியிலும் தொட்டால் வலது. ஸ்டீரியோ பின்னில் நுனி இடது, நடு வளையம் வலது, அடி இரண்டுக்கும் பொது, இது எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். பெட்டியில் 32 ஓம்ஸ் என்று போட்டிருந்தால் அதற்குப் பக்கத்தில் காட்டும். ஒயரை அசைக்கும்போது எண் ஆடினாலோ காணாமல் போனாலோ ஒயரில் கோளாறு. அதற்குப் பிறகு காது குஷனை மெதுவாக உரித்து, அடியில் இருக்கும் திருகாணிகளைக் கழற்றி (சிலதில் பஞ்சுக்கு அடியில், சிலதில் ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும்), ஸ்பீக்கரின் பின்னால் உள்ள இரண்டு முனைகளில் நேராகத் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே எண் ஆடாமல் நின்றால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, தைரியமாக மேலே போகலாம். எதையும் பிரிப்பதற்கு முன்னால் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிற ஒயர் எந்த முனையில் இருந்தது என்று அப்புறம் கண்டிப்பாக மறந்துபோகும்.

என்னுடையது இடது கப்பில் மட்டும் ஒயர் நுழைகிற மாதிரி. வலது பக்கத்துக்குப் போகிற ஒயர் தலைமேல் வரும் பட்டைக்குள்ளேயே ஓடுகிறது. இந்த மாதிரிதான் மாற்றுவதற்குச் சுலபம், ஒரே ஒரு மூன்று முனை சாக்கெட் போதும். இரண்டு கப்பிலும் தனித்தனியாக ஒயர் நுழைகிற மாதிரியாக இருந்தால் இரண்டு சாக்கெட் வைக்க வேண்டும், ஒய் மாதிரி பிரிகிற ஒயர் தேட வேண்டும், இல்லாவிட்டால் பட்டைக்குள் புதிதாக ஒரு ஒயரை ஓட்ட வேண்டும். முதல் தடவை செய்பவர்கள் அதில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

சாக்கெட் என்பது 3.5 மி.மீ. பின் குத்துகிற, நட்டு போட்டு முறுக்குகிற சின்னச் சாமான். டவுனில் எலக்ட்ரானிக்ஸ் பாகம் விற்கும் கடையில் 20 ரூபாய்க்கு வாங்கினோம். அதன் கழுத்து நுழைய ஏறக்குறைய 6 மி.மீ. துளை வேண்டும். பழைய ஒயர் வந்த துளையையே பெரிதாக்கினால் புதிதாகக் குடைய வேண்டாம். ஆனால் உள்ளே இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், சாக்கெட்டின் வால் ஸ்பீக்கர் காந்தத்தில் இடித்தால் மூடி மூடாது. நாங்கள் காகிதத்தைச் சாக்கெட் அளவுக்குச் சுருட்டி உள்ளே வைத்து மூடிப் பார்த்து, நசுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டோம். துளையைச் சூடான கம்பியால் போடாதீர்கள். பிளாஸ்டிக் புகை தலைவலி கொடுக்கும், ஓரமும் உருகி அசிங்கமாகிவிடும். கொழுந்தனார் பட்டறையில் வைத்திருக்கும் கைத்துரப்பணத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தார்.

அப்புறம் சால்டர் வேலை. இதில்தான் எங்களுக்கு அடி மேல் அடி விழுந்தது. வெள்ளி வேலை செய்கிறவருக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அது வேறு, இது வேறு. வெள்ளி 961 டிகிரியில் உருகுகிற உலோகம். பொடியும் வெங்காரமும் வைத்து, நெருப்பை ஊதி, உருப்படி முழுவதையும் சிவக்கச் சூடாக்கித்தான் பற்ற வைப்பார்கள். எலக்ட்ரானிக்ஸ் ஈயமோ 190 டிகிரிக்குள் உருகிவிடும், அதைச் சுற்றி இருப்பதெல்லாம் பிளாஸ்டிக். அவர் பழக்கத்தில் 25 வாட் சால்டரிங் அயர்னை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார், முதல் சாக்கெட் உள்ளே உருகிக் கோணிக்கொண்டது. இரண்டாவதற்கு ஒரு பழைய பின்னைச் சாக்கெட்டில் குத்தி வைத்துக்கொண்டு செய்தோம். சூட்டை அந்தப் பின் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், உள்ளே இருக்கும் தகடுகளும் இடம் மாறாது. இரண்டு மூன்று விநாடி தொட்டு எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது ஒயர். பழைய ஒயரில் மிச்சம் இருந்த நல்ல துண்டையே உள்ளே பயன்படுத்தலாம் என்று உரித்தோம். சிவப்பு, பச்சை, செம்பு நிறத்தில் மெல்லிய இழைகள், நடுவில் நைலான் நூல். பார்த்தால் வெறும் செம்புக் கம்பி மாதிரிதான் இருக்கிறது. ஈயத்தைத் தொட்டால் தாமரை இலையில் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடுகிறது! அரை மணி நேரம் போராடிய பிறகுதான் புரிந்தது, அந்த நிறமே ஒரு பூச்சு. ஒவ்வொரு இழையின் மேலும் எனாமல் பூசியிருக்கிறார்கள், மின்சாரம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாயாமல் இருக்க. அயர்ன் நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி வைத்து, ஃப்ளக்ஸ் என்கிற, ஈயம் ஒட்ட உதவும் பசையைத் தொட்டு, அதற்குள் இழையின் நுனியைச் சில விநாடி முக்கி எடுத்தால் எனாமல் கருகிப் போய் ஈயம் ஏறும். இல்லையென்றால் மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம், பொறுமை வேண்டும். நைலானைக் கத்தரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது உருகி ஈயத்தோடு கலந்துவிடும்.

ஒன்றை மட்டும் மிக ஜாக்கிரதையாகச் செய்யச் சொல்வேன். ஸ்பீக்கரின் முனையில் அயர்னை அதிக நேரம் வைக்காதீர்கள். அந்த முனையிலிருந்து சுருளுக்குப் போகும் கம்பி கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியது. முனை சூடாகி அசைந்தால் அது அறுந்துவிடும், அறுந்தால் ஸ்பீக்கர் போயே போச்சு, யாராலும் ஒட்ட முடியாது. எங்களால் முடிந்தவரை அந்தப் பழைய இணைப்பைத் தொடாமல், அதிலிருந்து வருகிற ஒயரில் இரண்டு அங்குலம் விட்டு வெட்டி, அந்த நுனியைச் சாக்கெட்டில் இணைத்தோம்.

மாட்டி முடித்து ஆடியோவைப் போட்டால் டாக்டர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறார். குரல் நடுவில் நிற்கவே இல்லை, இரண்டு பக்கமும் சிதறிப் போகிறது, அடிக்குரலைக் காணோம். ஒயர்கள் எல்லாம் சரியாகத்தானே இருக்கின்றன, மீட்டரும் சரியாகக் காட்டுகிறதே என்று அன்று தூக்கமே வரவில்லை. மறுநாள் போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது வலது பக்கத்தில் ப்ளஸ் மைனஸ் மாறியிருந்தது. அப்படி மாறினால் ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுக்கும். அதை மாற்றிப் போட்டதும் குரல் நேராக நெற்றிக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. கடைசியாகச் சாக்கெட்டைச் சுற்றி க்ளூ கன்னால் அடைத்தோம். அது அசையாமல் இருப்பதற்கு மட்டும் இல்லை, மூடிய வகை ஹெட்போனில் கப்பில் காற்று கசிந்தால் பாஸ் என்கிற அடிச்சத்தம் குறைந்துவிடும்.

இதெல்லாம் நடந்தது 2021ல். அந்த ஹெட்போனைத்தான் இன்றும் மாட்டியிருக்கிறேன். இதுவரை மூன்று ஒயர் மாற்றிவிட்டேன், மூன்றும் காரில் போனை இணைக்கப் பயன்படுத்துகிற, இரண்டு பக்கமும் ஆண் பின் உள்ள சாதாரண ஆக்ஸ் ஒயர், நூறு ரூபாய்க்குப் பக்கத்தில்தான் வரும். மாற்றுவதற்கு ஒரு விநாடி. நான் உட்காரும் சக்கரம் வைத்த நாற்காலி ஒயர் மேல் ஏறியதும் ஒருமுறை நடந்தது, டிராயர் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு நான் எழுந்ததும் நடந்தது. முன்னால் என்றால் லேப்டாப்பே மேஜையிலிருந்து வந்திருக்கும், இப்போது காதுப் பக்கம் ஒயர் தானாகக் கழன்றுகொண்டது. இந்த ஒன்றுக்காகவே வைக்கலாம் என்பேன்.

சிலர் ஒயரை மாற்றினால் பாட்டு இன்னும் இனிமையாகக் கேட்கும் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிறார்கள். நான் அதற்காகச் சொல்லவில்லை. ஒன்றேகால் மீட்டர் செம்பு ஒயரின் தடை ஒரு ஓம்ஸுக்குள் அல்லது அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும், 32 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு முன்னால் அது பெரிய விஷயமே இல்லை. நூறு ரூபாய் ஒயரில் சத்தம் நன்றாகவே வருகிறது. எனக்கு வேண்டியது அறுந்தால் மாற்ற முடிகிற ஒயர், அவ்வளவுதான்.

குறையும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. முன்பு ஒட்டியிருந்த இடத்தில் இப்போது ஒரு தொடுப்பு வந்திருக்கிறது, தொடுப்பு என்றால் அழுக்கு சேரும். ஏற்காட்டில், நாகலூர் பக்கம், என் அக்கா வீடு இருக்கிறது. அக்கா மகள் பாடம் கேட்கிற ஹெட்போனுக்கும் இதே மாதிரி சாக்கெட் வைத்துக் கொடுத்தோம். கீழே என்னுடையது ஒரு வருடம் ஒரு குறையும் சொல்லவில்லை, அங்கே ஐந்தே மாதத்தில் கரகரத்தது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும், துணி காயாது, பித்தளைக் குடத்தில் களிம்பு ஏறுகிற மாதிரி பின்னிலும் ஏறிவிட்டது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுப் பின்னைத் துடைத்து, அதே பின்னைச் சாக்கெட்டில் நாலைந்து தடவை குத்தி எடுத்தால் சரியாகிவிடுகிறது. தங்க முலாம் போட்ட பின் உள்ள ஒயர் ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன், தங்கத்தில் களிம்பு ஏறாது. மாதம் ஒருமுறை துடைத்துக்கொள்கிறாள், கரகரப்பு இல்லை என்கிறாள்.

இந்த வேலையை எல்லாவற்றிலும் செய்ய முடியாது. ப்ளூடூத் ஹெட்போனுக்குள் லித்தியம் பேட்டரி இருக்கிறது, அதன் பக்கத்தில் அயர்னைக் கொண்டுபோகவே கூடாது, துரப்பணமும் கூடாது. காதுக்குள் திணிக்கிற சின்ன இயர்போனில் சாக்கெட் வைக்க இடமே இல்லை. அதற்கு ஆரம்பத்திலேயே ஒயரைக் கழற்றி மாட்டுகிற இரண்டு பின் தொடுப்போ எம்எம்சிஎக்ஸ் என்கிற தொடுப்போ உள்ளதாகப் பார்த்து வாங்கிவிட்டால் ஒயர் மட்டும் தனியாகக் கிடைக்கும், கொஞ்சம் விலை கூடத்தான், ஆனாலும் பரவாயில்லை. வாரண்டி இருக்கிற ஹெட்போனைப் பிரித்தால் வாரண்டி போய்விடும். சின்னப் பிள்ளைகள் தனியாகச் செய்ய வேண்டாம். சால்டர் வைக்கும்போது புகை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். கழற்றி மாட்டுகிற ஒயர் என்பது முடியாத காரியம் இல்லை. சென்ஹைசர் எச்டி 25 என்று ஒரு ஹெட்போன் 1988ல் வந்தது, ஒயர் முதல் குஷன் வரை ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக வாங்கி மாற்றலாம், இன்னும் விற்பனையில் இருக்கிறது. ஆடியோ டெக்னிகாவின் எம்50 முதலில் ஒட்டிய ஒயரோடுதான் வந்தது, 2014ல் எம்50எக்ஸ் என்று வந்தபோது கழற்றும் ஒயராக மாற்றினார்கள். அதே நேரம் 1991ல் வந்த சோனி எம்டிஆர் 7506, ஸ்டுடியோக்களில் நிறையப் பேர் நம்பி வாங்குகிற ஹெட்போன், ஒட்டிய சுருள் ஒயரோடு வந்தது. அதை வைத்திருப்பவர்களில் பலர் எங்களைப் போலவே பிரித்து சாக்கெட் வைத்துக்கொள்கிறார்கள். பெரிய விலை ஹெட்போனில் முடிகிறது என்றால் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் ஹெட்போனிலும் முடியும், நான் வாங்கிய சாக்கெட் சில்லறை விலையிலேயே 20 ரூபாய்தானே, லட்சக்கணக்கில் வாங்குகிறவர்களுக்கு அது எவ்வளவு குறையும்? வைக்கும்போது அவரவர் இஷ்டத்துக்குப் பூட்டுப் போட்ட விசேஷ பின் வைக்காமல் சாதாரண 3.5 மி.மீ. வைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எம்50எக்ஸில்கூட 2.5 மி.மீ.யில் திருகிப் பூட்டுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். அந்த ஒயரை எங்கள் ஊர்க் கடையில் கேட்டால் ஆன்லைனில் பாருங்கள் என்கிறார்கள். தெருமுனை போன் கடையில் கிடைக்கிற ஒயர்தான் நிஜமாகவே மாற்ற முடிகிற ஒயர்.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென்று இணையதளமும் வந்தது. விவசாயக் கருவிகள், செல்போன் மற்றும் மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்று பொருளுக்கு மதிப்பெண் போடும் திட்டத்துக்கு 2025 மே மாதம் அறிக்கையும் கொடுக்கப்பட்டது, முதலில் ஸ்மார்ட்போனும் டேப்லெட்டும். பிரான்ஸ் நாட்டில் 2021 ஜனவரியிலிருந்தே இப்படி மதிப்பெண் போட்டு விற்கிறார்கள். நல்ல காரியம், வரவேற்கிறேன். அந்தப் பட்டியலில் ஹெட்போனையும் சேர்க்க வேண்டும். அதுவரைக்கும் குறைந்தபட்சம் பெட்டியின் மேல் "ஒயரைக் கழற்றி மாற்றலாம்" அல்லது "மாற்ற முடியாது" என்று ஒரு வரி, தமிழிலும், அச்சிடச் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜ் வாங்கும்போது எத்தனை ஸ்டார் என்று பார்த்துத்தானே வாங்குகிறோம். இதையும் பார்த்து வாங்குவோம். ஆன்லைனில் வாங்கும்போது இந்த ஒரு விவரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கண் வலித்துவிடுகிறது.

நம் ஊர்க்காரர்களிடமும் கேட்கிறேன். சேலத்தில் செல்போன் சர்வீஸ் கடை இல்லாத தெரு இல்லை. போனின் சார்ஜிங் பின்னை மாற்றத் தெரிந்த கைக்கு இந்தச் சாக்கெட் வேலை ஒன்றுமே இல்லை, அது இதை விடப் பொடி வேலை. 200, 250 ரூபாய் கூலி வாங்கிக்கொண்டு செய்து கொடுத்தால் நிறையப் பேர் வருவார்கள், 2,000 ரூபாய் ஹெட்போனைக் காப்பாற்ற யார் கொடுக்க மாட்டார்கள்? நான் ஐந்தாறு கடையில் கேட்டுப் பார்த்தேன், "அதெல்லாம் பண்றதில்லீங்கக்கா, புதுசே ஐநூறு ரூபாய்க்கு வருது" என்றார்கள். ஐநூறு ரூபாய்க்கு வருவதை மாட்டிக்கொண்டு ஏழு மணி நேரம் இருந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு இதை ஒரு செய்முறைப் பயிற்சியாகக் கொடுக்கலாம். மீட்டர் பிடிப்பது, எனாமல் எடுப்பது, ப்ளஸ் மைனஸ், சூட்டின் அளவு என்று அத்தனையும் ஒரே சாமானில் வந்துவிடுகிறது. கையில் எடுத்துச் செய்தால் மறக்காது. பட்டறைகளில் கொலுசுக்கு வளையம் கோக்கிற நம் ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அந்தக் கை நடுங்காது. அவர்களுக்கு இதைக் கற்றுக் கொடுத்தால் வெள்ளி விலை ஏறி வேலை குறைகிற மாதங்களில் ஒரு வருமானம் கிடைக்கும் என்பது என் கொழுந்தனாரின் எண்ணம். எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது.

பழைய சாமான் கடையிலிருந்து எடுத்து வந்த அந்த இரண்டு ஹெட்போனில் ஒன்று எதிர்வீட்டுப் பையனிடம் இருக்கிறது, டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறான், வகுப்புகளை அதில்தான் கேட்கிறான். இன்னொன்றுக்கு இடது பக்கக் குஷன் பிய்ந்திருக்கிறது, அளவான குஷன் கிடைத்ததும் முடித்துவிடுவோம். கடைக்காரர் சாக்கை இன்னும் இரண்டு வாரம் வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனாருக்கு லீவு, போய் இன்னும் நாலைந்து பொறுக்கிக்கொண்டு வரலாம் என்று இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாபேட்டை, சேலம்.

பி.கு.: மைக் வைத்த ஹெட்போனாக இருந்தால் மூன்று முனை சாக்கெட் போதாது, நான்கு முனை வாங்க வேண்டும், ஒயரும் பின்னில் மூன்று கறுப்புக் கோடு உள்ளதாக இருக்க வேண்டும். இப்போது வரும் போன்களில் பெரும்பாலும் நுனி இடது, அடுத்தது வலது, மூன்றாவது பொது, அடி மைக். ரொம்பப் பழைய சில போன்களில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும், அதில் குத்தினால் சத்தம் மெலிந்து எங்கேயோ தூரத்தில் கேட்கும். அப்போது உங்கள் சால்டர் வேலையைச் சந்தேகப்பட்டு மறுபடி பிரித்துவிடாதீர்கள், வேறொரு போனில் மாட்டிப் பாருங்கள்.